மோதிர விரலுக்கும் வேலை உண்டு

திருவாவடுதுறை
தை 20

அன்பு மகன் செல்வத்துக்கு,

  

கீழ் ‘டி’ எப்போதும் தூக்கலாகவே நிற்கிறது, வேறு ட்ரம்பெட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. எதை வாங்கினாலும் அந்த ‘டி’ கூடவே வரும்.

நம்ம பக்கத்து பாண்டு மாஸ்டரை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வெறும் குழாய் 100 பங்கு என்றால், முதல் வால்வு சுமார் 12 பங்கு நீளம் கூட்டுகிறது. மூன்றாவது சுமார் 19. கீழ் ‘டி’க்கு இரண்டையும் சேர்த்து அழுத்துகிறாய்; கூடுவது 31. அந்தச் சுரத்துக்கு வேண்டியதோ முப்பத்து மூன்றரை. பத்துப் பேருக்கு அளந்த உப்பை, இன்னும் இரண்டு பேருக்கு அரிசி போட்ட உலையிலும் அப்படியே போட்ட கதை. அதற்காகத்தான் மூன்றாம் வால்வின் ஸ்லைடில் வளையம் வைத்திருக்கிறார்கள். இடது மோதிர விரலால் ஒரு விரற்கடை தள்ளு. குழாய் போய்த் திரும்புவதால் நீளம் இரட்டிப்பாகக் கூடும். உதட்டாலேயே இறக்கப் பார்த்தால் நாதம் நசுங்கும்.

நம் நாயனம் மட்டும் என்ன யோக்கியம்? உலவு என்கிற அதன் மரக்குழலில் ஏழு துளைக்குத்தான் விரல். கீழே இருக்கிற ஐந்தை விரல் தொடுவதே இல்லை. அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் உன் தாத்தா சுருதி சேர்ப்பார். மிச்சத்தைச் சீவாளியும் உதடும் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் திமிரி என்கிற குட்டை நாயனத்தில் சுத்த மத்திமம் இதற்கெல்லாம் அடங்கவில்லை; பிரதி மத்திமத்துப் பக்கமே ஏறும். நம் ஊர் ராஜரத்தினம் பிள்ளைக்கே அது உறுத்தியது. வாசிப்பால் மறைத்துவிடக்கூடிய வித்வான்தான் அவர். ஆனாலும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் குறையைச் சொன்னார். ஆச்சா மரத்தில் நீளமான பாரி நாயனம் அப்படித்தான் உருவாகி, சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசியது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது அந்த ஊர்க் கைவேலைதான்.

கருவி தீர்க்க வேண்டிய குறை வேறு, கை தீர்க்க வேண்டிய குறை வேறு. உன் ட்ரம்பெட்டில் ஆசாரி தன் வேலையை முடித்து வளையத்தையும் மாட்டிவிட்டார். விரலை நுழைக்க வேண்டியது நீ. ஸ்லைடு இறுகியிருந்தால் துடைத்து எண்ணெய் போடு.

சித்திரையில் வரும்போது ட்ரம்பெட்டைக் கொண்டு வா. ‘டி’ சேருகிற வரைக்கும் நான் உனக்கு ஒத்து ஊதுகிறேன். வாத்தியத்தை மாற்றுகிற யோசனைக்கு மட்டும் ஊத மாட்டேன்.

அன்புடன்,
சித்தப்பா