இடுப்பில் பிகாச்சு... திருப்பூரில் நடை!

திருப்பூரில் எண்ணாமல் விட்ட சமாசாரம் எதுவும் கிடையாது. நூலுக்கு கவுன்ட், துணிக்கு ஜி.எஸ்.எம்., பனியனுக்கு டஜன், டெய்லருக்கு பீஸ், ஆளுக்கு ஷிப்ட். டீக்கடை பெஞ்சில் அலுப்பைச் சொல்வதுகூட "நேத்து ஒன்றரை ஷிப்ட்ங்க" என்றுதான். இந்த ஊரில் இன்னும் யாரும் எண்ணாத ஒன்றை எண்ணிப் பார்க்கலாமே என்று, இடுப்பில் ஒரு மீட்டரோடு போய் இறங்கினேன்.

சர்க்கரை மீட்டர் இல்லை சார்! காலடியை எண்ணுகிற மீட்டர். பெயர் போகிவாக்கர். 2009-ல் ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி ஒரு போகிமான் வீடியோ கேமோடு சேர்த்து விற்ற குட்டிச் சாமான். குழந்தைகளுக்குப் பொரிக்கிற அப்பளம் சைஸில் வட்டம். மேலே சிவப்பு, கீழே வெள்ளை, நடுவில் தம்மாத்தூண்டு திரை. சிங்கப்பூரிலிருக்கும் மாமா பையன் வளர்ந்து பெரியவனானதும், கேம் மெஷினோடு சேர்த்து என் தலையில் கட்டியது.

வேலை செய்கிற விதம் சுவாரஸ்யம். கேமுக்குள் நீங்கள் வளர்க்கிற பிகாச்சுவை இதற்குள் அனுப்பிவிடலாம். டி.வி. ரிமோட்டில் வருகிற அதே அகச்சிவப்புக் கதிர்தான் வாகனம். பிறகு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியது. உள்ளே இருக்கும் சென்ஸார் உடம்பு குலுங்குவதை வைத்து அடியைக் கணக்கு போடுகிறது. இருபது அடிக்கு ஒரு 'வாட்'. சேர்ந்த வாட்டைக் கொடுத்து புதருக்குள் ஒளிந்திருக்கும் வேறு போகிமானைப் பிடிக்கலாம். (நாய் கழுத்தில் கட்டிவிட்டு வாட் சம்பாதித்த புத்திசாலிகளும் வெளிநாட்டில் உண்டு.)

ஒரே ஒரு அநியாயம். லட்சம் அடி நடந்தாலும் பிகாச்சு ஒரு தடவைக்கு ஒரு லெவலுக்கு மேல் ஏறாது. நம்ம ஆபீஸ் இன்கிரிமென்ட் மாதிரி!

செல்போனிலேயே 'போகிமான் கோ' இருக்கிறதே என்பீர்கள். 2016 டிசம்பரில் அது முறைப்படி இந்தியாவுக்கு வந்தது. அதிலும் நடந்தால்தான் முட்டை பொரியும். ஆனால் அதற்கு மேப் வேண்டும், நெட் வேண்டும். இதற்கு ஒரு பட்டன் செல் போதும். டோக்கியோவா, திருப்பூரா என்று கேட்காது.

ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் குமரன் நினைவகத்துக்குப் போனேன். 1932 ஜனவரியில் கொடியோடு ஊர்வலமாக நடந்துபோனதற்காக அடி வாங்கி உயிரை விட்டவர். அங்கே நிற்கும்போது இடுப்பைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அங்கிருந்து காதர்பேட்டை. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியன் மலைமலையாக. ஒரு டீ ஷர்ட்டுக்குப் பேரம் பேசப்போய் எட்டுக் கடை ஏறி இறங்கியதில், ஆயிரம் அடிக்குக் குறையாது. குமரன் ரோட்டில் லோடு ஆட்டோக்களுக்கு நடுவே நெளிந்து நொய்யல் பாலத்துக்கு வந்தேன். இந்த விளையாட்டில் நடக்கிற பாதைகளுக்குப் பெயர் உண்டு. ஒன்றின் பெயர் 'அழகிய கடற்கரை'. நான் பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

என் நண்பன் அங்கே ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வயது முப்பத்திரண்டு. ராத்திரி பத்து வரை ஐரோப்பிய பையருக்கு மெயில். டாக்டர் "சுகர் எட்டிப் பார்க்குது, நடங்க" என்று சொல்லி ஆறு மாசம் ஆகிறது. ஒரு நாள் முழுக்க அவன் பெல்ட்டில் இதை மாட்டிவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம்.

"பத்தாயிரம் நடக்கணுமாமே, முடியுமாடா?" என்று சோர்ந்துபோனான். அந்தப் பத்தாயிரம் டாக்டர் கண்டுபிடித்ததல்ல என்று விளக்கினேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம், 1965-ல், ஜப்பான் கம்பெனி ஒன்று 'மான்போ-கே' என்று ஒரு மீட்டர் விற்றது. பெயருக்கு அர்த்தமே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. விளம்பரத்துக்கு வைத்த பெயர் உலகத்துக்கே வைத்தியமாகிவிட்டது. பயல் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால், நடந்தபாடில்லை.

மறுநாள் துணி பார்க்க நிட்டிங் யூனிட்டுக்குக் கூட்டிப்போனான். உள்ளே காது அடைக்கிற சத்தம். ஆளுயரத்துக்கும் மேலே நூல் கோன்கள். நடுவில் சுற்றிச் சுற்றித் துணி இறங்குகிறது. எங்கேயாவது நூல் அறுந்தால் மெஷின் நின்று விளக்கு எரியும். ஆபரேட்டர் ஓடிப்போய் முடிச்சுப் போட்டு ஓட்டிவிட வேண்டும். அதற்குள் அந்தக் கோடி மெஷினில் விளக்கு.

நாற்பது வயது ஆபரேட்டர் ஒருவர் என் இடுப்பையே பார்த்தார். "ஏன் தம்பி, அதென்ன முட்டையாட்டம்?"

சொன்னேன். சிரித்தார். அப்புறம், "நடந்தா நெசமாலுமே எண்ணுமா? எங்க வூட்டுல, 'மெசினு ஓடுது, நீ நின்னுட்டுத்தான இருக்கற, கால் வலின்னு எதுக்குப் பொய் சொல்ற'ங்கறா தம்பி. ஒரு வாரம் குடுத்துட்டுப் போறீங்களா?" என்றார்.

இந்த மீட்டருக்குக் கடந்த ஏழு நாள் கணக்கை மறக்காமல் காட்டுகிற வசதி உண்டு. பிகாச்சுவோடு கழற்றிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை போன் வந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பதினாலாயிரம் அடிக்குக் குறைந்து ஒரு நாளும் இல்லையாம். வாட்டுக்கு மாற்றினால் எழுநூறு!

"வீட்டுல காட்டினீங்களாண்ணா?"

"காட்டுனனுங்க. ஒண்ணும் பேசல. சனிக்கெழம ராத்திரி சுடுதண்ணி வெச்சுக் கால்ல ஊத்துனா."

"அப்ப ஞாயித்துக்கிழமை? லீவாச்சே, சைபரா?"

கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு அவ எடுத்து மாட்டிக்கிட்டா தம்பி. தண்ணி புடிக்க, தொவைக்க, சந்தைக்குப் போக... பொழுதோட பாத்தா பதினோராயிரம் காட்டுது. அவளுக்கும் அன்னிக்கு லீவுதானுங்க, செக்கிங் வேலைக்குப் போறவ."

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. திரை மங்குகிறது, செல் எந்தக் கடையில் கிடைக்கும், இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ரெண்டு வாரம்னு கேளுங்க" என்றது.