காலடிப்பேட்டை என்றால் விழும்

எங்கள் இறுதியாண்டுச் செயல்திட்டம் ஒரு சிறு அஞ்சல் வழங்கி. மாணவர் அனுப்பும் மின்னஞ்சலை வாங்கி, தலைப்பிலுள்ள ஊர்ப்பெயரைப் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும்; அவ்வளவே. அஞ்சலை வாங்கி வைக்கும் பகுதியைச் சி மொழியில் நான் எழுதினேன். தமிழ்த் தலைப்பைப் படித்துத் தரும் பகுதி நண்பனுடையது. அதைச் சேர்த்த அன்று மாலையே நிரல் விழுந்தது. "நேற்றுவரை ஓடிற்று, நீ கை வைத்ததும் விழுகிறது" என்று ஆய்வகத்தில் நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. மறுநாள் முதல் வரவும் இல்லை.

விந்தையைக் கேளுங்கள். இராயபுரத்து அஞ்சல் போயிற்று. எண்ணூர் அஞ்சலும் போயிற்று. எங்கள் காலடிப்பேட்டை வந்தால் மட்டும் படுத்துக்கொள்ளும். (1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் பெயரால் நெசவாளர்க்கு அமைந்த பேட்டை இது. கவர்னர் பெயரையே மென்று காலடியாக்கிய ஊருக்கு என் நிரல் எம்மாத்திரம்!)

மூன்று இரவுகள் ஜி.டி.பி. கொண்டு வரிவரியாக நிறுத்தி ஓட்டினேன். விழுந்த இடம், ஊர்ப்பெயரைப் படியெடுக்கும் வரி. என் வரி! பெயருக்கு 32 பைட் ஒதுக்கியிருந்தேன். ஏழெழுத்துப் பெயருக்கு அது தாராளம் என்பது என் கணக்கு. அதுவரை ஆங்கிலப் பெயர்களை மட்டுமே அனுப்பிச் சோதித்தவன் அல்லவா? யூனிகோடில் 'கா' என்பது ககரமும் துணைக்காலுமாக இரண்டு குறிகள்; யூ.டி.எஃப்.-8 முறையில் குறிக்கு 3 பைட். எண்ணூருக்கு 21, இராயபுரத்துக்கு 27, காலடிப்பேட்டைக்கு 39. மிஞ்சியது பக்கத்து நினைவகத்தில் வழிந்து நிரலைச் சாய்த்திருக்கிறது. 1988 நவம்பரில் இராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்க மாணவரின் புழு நிரல் கணினிகளில் புகுந்த வழிகளுள் ஒன்று, 512 பைட் இடத்தில் 536 பைட்டைத் திணித்ததுதான். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்.

32-ஐ 40 ஆக்கினேன், ஓடிற்று. அன்றே தேரடிக்கு அப்பாலுள்ள அவன் வீட்டுக்குப் போனேன். "வா கண்ணு, ஏன் நாலு நாளா காணோம்?" என்றார் அவன் அம்மா. அவன் வீட்டில் எதுவும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. கணக்குப் போட்ட தாளை நீட்டினேன். நெடுநேரம் பார்த்தான்.

"மச்சான், திருவொற்றியூர் போட்டுப் பார்த்தியா?"

போடவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து இருவரும் எண்ணினோம். 42.