கண்ணை மூடி ஓடும் மூன்று சென்ரிமீற்றர்

சனி, கல்முனை

அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்பு நாடாவின் மேல் ரோபோ தலையை ஆட்டி ஆட்டிப் போகிறது. வளைவு வந்ததும் வெளியே பாய்கிறது. "மோட்டரை மாத்துவம் சேர், இது சரிவராது" என்றான் ஒருவன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ரொபோட்டிக்ஸ் சலஞ்சுக்கு வருகிற மற்றப் பிள்ளைகளிடம் விலை கூடிய மோட்டர் இருக்குமே என்பது இவர்கள் கவலை. எனக்கோ, இந்த ரோபோ செக்கனுக்கு எத்தனை தரம் கோட்டைப் பார்க்கிறது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

நிரலைத் திறந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் ஆறு சென்சர்களின் எண்களையும் கணினித் திரைக்கு அனுப்பும் வரி அதில் கிடந்தது. செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துப் போக ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன். ஆறு எண்களும் சேர்ந்தால் முப்பது எழுத்து வரும், அதற்கு முப்பது மில்லிசெக்கன். ஆர்டுயினோ ஊனோ ஆறு சென்சரையும் வாசித்து முடிக்க ஒரு மில்லிசெக்கன்கூட எடுக்காது. செக்கனுக்கு ஒரு மீற்றர் ஓடுகிற வண்டி, எழுத்தெல்லாம் போய் முடியும்வரை மூன்று சென்ரிமீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. நாடாவின் அகலமே அவ்வளவு இல்லை. வரியை எடுத்தோம். ஆட்டம் நன்றாகக் குறைந்தது, ஒரு சதமும் செலவில்லாமல்.

ஞாயிறு

இன்று பிஐடி கட்டுப்பாடு. 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி இதைக் கணிதமாக எழுதியது கப்பல்களுக்காக. சுக்கான் பிடிக்கிறவர் திசை எவ்வளவு விலகியது ('பி') என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எந்த வேகத்தில் விலகுகிறது ('டி'), விடாமல் ஒரே பக்கம் இழுக்கிறதா ('ஐ') என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார். இதைச் சொன்னபோது, சாய்ந்தமருதிலிருந்து வரும் பிள்ளை சட்டென்று, "வாப்பாவும் அப்பிடித்தான் சேர், தோணி திரும்பி முடியிறத்துக்கு முதலே கையை மறுபக்கம் எடுத்துருவாரு" என்றான். அவன் வாப்பா கையை எடுக்கிற அந்த நேரம்தான் பிஐடியின் 'டி'. அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் 'பி'யை மட்டும் கூட்டினோம். வண்டி ஆடத் தொடங்கியதும் சற்றுக் குறைத்து, 'டி'யைச் சேர்த்தோம். நிரலின் சுற்று ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் 'டி' தரும் எண்ணை நம்ப முடியாது. ஐந்து மில்லிசெக்கன் என்று நிறுத்தினோம். 'ஐ' இந்த ஓட்டத்துக்குத் தேவைப்படவில்லை.

செவ்வாய்

காலையில் நன்றாக ஓடிய 'பி', 'டி' எண்கள் மாலையில் ஓடவில்லை. பற்றரிதான் காரணம். இரண்டு லித்தியம் மின்கலங்கள் முழுசாக ஏறினால் 8.4 வோல்ற், ஓட ஓட 7.4க்கு இறங்கும். அதிலும் மோட்டரை ஓட்டும் எல்298 டிரைவர் இரண்டு வோல்ற் அளவில் தின்றுவிடுகிறது. பற்றரியின் வோல்ற்றை இரண்டு தடைகளால் பிரித்து, 5 வோல்ற்றுக்குக் கீழே கொண்டுவந்து ஆர்டுயினோவால் அளக்கலாம். வோல்ற் குறையக் குறைய மோட்டருக்குப் போகும் எண்ணைக் கூட்டினால் வேகம் மாறாது. மோட்டர் வாங்கச் சேர்த்த காசில் நல்ல டிரைவர் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் தமிழில் சொல்லித்தர ஆட்கள் வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கிற நம் பிள்ளைகள் மாதம் ஒரு சனிக்கிழமை வந்தாலே போதும், கேட்கத்தான் போகிறேன்.

நாளை ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டவேண்டும். சென்சர் கோட்டைப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியில். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, சென்சர் அதையும் கோட்டின் கணக்கில் எழுதிவிடும்.