ஏவலுக்குக் காத்திருக்கும் பலகை

பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன; தோட்டத் தமிழர் நகரங்களை நாடினர். ஈப்போவில் 1972இல் தொடங்கப்பெற்ற கார்செம் போன்ற ஆலைகள் மின்னணுச் சில்லுகளுக்கு உறையிட்டு உலகெங்கும் அனுப்பின. பால்வாளி சுமந்த குடும்பங்களின் அருகிலேயே சில்லு நடமாடிற்று. அதனை ஏவும் கல்வியோ எட்ட நின்றது.

அந்த இடைவெளியைக் குறைக்க வந்தது ஆர்டுயினோ நானோ என்னும் சிறு பலகை. நீளம் 45 மில்லிமீட்டர். அகலம் 18 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 15ஆக 30 கால்கள். கால்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர், பிரெட்போர்டின் துளைகளுக்கும் அதே அளவு. ஆகவே பற்றவைக்காமலே செருகலாம். பிழையெனில் பிடுங்கி மீண்டும் செருகலாம். கட்டளைகளுக்கு 32 கிலோபைட் இடமே உண்டு. எனினும் மண்ணின் ஈரமறிந்து பள்ளித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச அது போதும்.

பால்மரத்தில் கத்தி ஆழ்ந்தால் மரத்துக்குக் காயம், வெட்டியவருக்கு ஏச்சு. இங்கோ பிழை பெரும்பாலும் ஒரு கம்பியை மாற்றுவதோடு தீரும். அஞ்சாமல் தவறிக் கற்கும் உரிமையே எளிய வீட்டுப் பிள்ளைக்கு இப்பலகை தரும் பெருங்கொடை. அதனைத் தமிழில் விளக்கிக் கையில் கொடுப்பது ஆசிரியர் கடன்.