மாடத்தில் ஒரு விளக்கு

சின்ன காஞ்சிபுரத்துப் பழைய வீட்டை விட்டுச் சென்னையில் இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் பெரிய சரவிளக்கு ஒன்றைத் தொங்கவிடவே எங்களுக்கு ஆசை. அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஃபஜ்ருக்குப் பிறகு நான் ஓத உட்காரும் இடத்தில் வெளிச்சம் விழுமா?"

எங்களிடம் பதில் இல்லை. பழைய வீட்டில் சுவரின் விளக்கு மாடத்துக்கு அடியில் அமர்ந்தே அம்மா ஓதுவார். திருமறையின் 24ஆம் அத்தியாயத்துக்கு 'அந்நூர்' என்றே பெயர்; ஒளி என்பது அதன் பொருள். அதன் 35ஆம் வசனம் அல்லாஹ்வின் ஒளிக்குக் கூறும் உவமையும், மாடத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்குதான்.

சரவிளக்கைக் கைவிட்டோம். அம்மா ஓதும் மூலையில் மரத்தால் சிறு மாடம் அமைத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரே விளக்கை வைத்தோம். அருகில், நைந்துபோன அவரது நிக்காஹ் பட்டுச்சேலையின் கோர்வைக் கரையைச் சட்டமிட்டு மாட்டினோம். உயிருருவம் இல்லாத கொடிக்கரை அது. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, நெய்யும்போதே இரண்டையும் பிணைப்பது கோர்வை. பிறந்த ஊரையும் இந்த வீட்டையும் எங்களுக்குப் பிணைப்பதும் அதுவே.

வைகறையில் அந்த ஒரு விளக்கு மட்டுமே எரிகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அம்மாவின் அருகே அமர்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ்.