பழைய கணினிக்கு ஒரே குடித்தனம்

வீட்டிலுள்ள பழைய கணினியை எடைக்குப் போடும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் பால்மரம் வெட்டுபவர். ஜார்ஜ்டவுன் கடையொன்றில் விசாரித்தபோது, "புதுசு வாங்குங்கள்" என்றார்களாம். எந்தச் சம்பளத்தில் வாங்குவது?

வேறு வழி உண்டு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், இன்று பல பெயர்களில் இலவசமாகவே கிடைக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' அவற்றுள் ஒன்று. அதில் தமிழும் உண்டு. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸுடன் அது இருந்தது.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைக்கலாம். ஆனால் லயத்து வீட்டில் இரண்டு குடித்தனம் எதற்கு? ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம்.

வெறுமையான 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினோம். இப்படிச் சோதிக்கும்போது உள்ளே இருப்பது எதுவும் கலையாது. ஒலியும் வைஃபையும் வேலை செய்தன. அதன் பிறகே நிறுவினோம். இப்போது அந்தப் பெண் லிப்ரே ஆபிஸில் தமிழ்க் கட்டுரை தட்டச்சு செய்கிறாள்.

ஒன்றை மறவாதீர்கள். வட்டு முழுவதிலும் நிறுவினால் பழையவை அனைத்தும் அழிந்துபோகும். படங்களையும் பாடங்களையும் முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பாருங்கள். கணினியை மறுபடி வாங்கலாம். மறைந்த பாட்டியின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?