சிங்க்குக்கு அடியில் கடல்

இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனுக்கும் போர்ட்ஸ்மவுத்துக்கும் நடுவில் ஓடும் சின்ன ஆறு ஹாம்பிள். முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே போகப் போக இரு கரையிலும் பாய்மரப் படகுகள்தான். அவற்றைப் பழுது பார்க்கிற ஒரு பெரியவரோடும், அவரிடம் தொழில் பழகும் ஒரு பெண்ணோடும் ஒரு பகல் முழுக்க இருந்தேன். அன்று அவர்கள் கைக்கு வந்த வேலை: படகுச் சமையலறையில் சிங்க் அடைப்பு.

வீட்டில் இது அரைமணி நேர வேலை. படகில் அப்படியல்ல. சிங்க்கிலிருந்து இறங்கும் ஹோஸ், படகின் உடம்பில் போட்ட துளை வழியாக நேரே கடலுக்குள் திறக்கிறது. பல படகுகளில் அந்தத் துளை நீர்மட்டத்துக்குக் கீழே. துளைக்கும் ஹோஸுக்கும் இடையே சீகாக் என்ற வால்வு ஒன்றுதான் காவல். சிங்க்கின் அடித்தட்டு வெளியிலிருக்கும் கடல்மட்டத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். அந்தக் கொஞ்ச உயரம் தருகிற அழுத்தம்தான் கழிவுநீரை வெளியே தள்ள வேண்டும். காற்றில் படகு சாய்ந்து ஓடினால் அந்த உயரமும் போய்விடும். கடல்நீர் சிங்க்குக்குள் ஏறும். பாய் விரிக்குமுன் வால்வை மூடிவிடுவது அதனால்தான்.

அடைப்புக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பேக்கன் வறுத்த கொழுப்பு சூடாக இறங்குகிறது. ஹோஸின் அடிப்பகுதியில் எப்போதும் நிற்பது குளிர்ந்த கடல்நீர். பட்டவுடன் உறைகிறது. மடிப்பு மடிப்பான ஹோஸ் நடுவில் தொய்ந்திருந்தால் தேயிலைத் தூளும் சோற்றுப் பருக்கையும் அங்கேயே தங்கும். கோடை முடிந்த சமயமென்றால் வெளிவாயில் கொட்டலசு என்ற ஓட்டுயிரும் ஒட்டி வளர்ந்திருக்கும்.

படகு, வெஸ்டர்லி சென்டார். 26 அடி. 1969இல் தொடங்கி 2,400க்கும் மேல் கட்டப்பட்ட வகை. பெரிய பணக்காரர்கள் அல்லாத குடும்பங்களையும் கடலுக்கு அழைத்துப் போன படகு என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. சொந்தக்காரர் அதற்குள் ரசாயனத் தூள் டப்பாவைத் திறந்துவிட்டார். பெரியவர் வாங்கி மூடி வைத்தார். காஸ்டிக் சோடா ஹோஸில் தேங்கி நின்றால், கழற்றுகிறவர் முகத்தில்தான் தெறிக்கும். அலுமினியம் எங்கேயாவது இருந்தால் அதையும் தின்னும்.

வழக்கமாக அவர் செய்வது எளிய காரியம். வால்வைத் திறந்து வைத்து, ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் கால் பம்பின் குழாயைச் சிங்க் துளையில் செருகி, சுற்றி ஈரத்துணியை அழுத்திப் பிடித்து ஓங்கி மிதிப்பார். பெரும்பாலும் அடைப்பு கடலுக்குள் போய் விழும். அன்றும் பெண் பம்பை எடுத்தே விட்டார். ஆனால் பெரியவர் சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரிக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்து, வால்வின் கழுத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினார். மஞ்சளாகத் தெரிய வேண்டிய பித்தளை இளஞ்சிவப்பாக இருந்தது.

“தொடாதே. தண்ணீர் வடியட்டும்” என்றார்.

கடல்நீரில் சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விடும். மிஞ்சுகிற செம்பு, உருவம் மாறாமல் உள்ளே துளைதுளையாகிக் கிடக்கும். ஹோஸை உருவ ஓர் இழுப்பு இழுத்தால் வால்வே கையோடு வந்துவிடலாம். அடைப்பை நீக்கப் போய் அங்கேயே படகை மூழ்கடிப்பதாகிவிடும்.

சென்டாருக்கு அடியில் கீல் எனப்படும் அடித்தகடு இரண்டு என்பதால் தண்ணீர் வடிந்தால் சாயாமல் தரையில் நிற்கும். ஏற்றத்திலேயே அதைச் சரளைக் கரைக்குக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கத்துக் கடலில் ஏற்றம் நெடுநேரம் அசையாமல் நிற்கும்; பிறகு வற்றம் வேகமாக இறங்கும். காத்திருந்த நேரத்தில் புது வெண்கல வால்வையும் உள்புறம் வழவழப்பான ஹோஸையும் வேனிலிருந்து எடுத்து வைத்தார்கள்.

அடிப்பாகம் காய்ந்ததும் பெண் ஹோஸைக் கழற்றினார். கொழுப்பு மெழுகுவர்த்தித் துண்டு போல முழுசாக வழுகி வந்தது, அழுகின நாற்றத்தோடு. வெளிவாயில் கொட்டலசு ஒரு விரல் நுழையுமளவே வழி விட்டிருந்தது. பழைய வால்வில் ஸ்பானரை மாட்டித் திருப்பியதும் கழுத்து மொரமொரவென்று உடைந்தது. சொந்தக்காரர் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கூலி பற்றி அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

துளையைச் சுரண்டித் துடைத்து, சீலன்ட் பூசி, புது வால்வைப் பொருத்தினார்கள். ஹோஸ் முனைக்கு இரண்டு கிளிப்புகள், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம். தண்ணீர் திரும்பி ஏறும்போது பெண் அலமாரிக்குள் குப்புறப் படுத்து, ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி டிஷ்யூ காகிதம் ஒட்டி வைத்தார். ஒரு சொட்டு கசிந்தாலும் கண்ணுக்குத் தப்பாது. படகு மிதந்த பிறகும் காகிதம் காய்ந்தே இருந்தது. கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்றை வால்வின் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்; வால்வு என்றைக்காவது போனால் அடித்து இறுக்குவதற்கு. பிறகு வெளியே வந்து சொந்தக்காரரிடம், தட்டைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடச் சொன்னார்.